மொடெஸ்ட் மச்சான் போட்ட மார்க்

அந்த வெள்ளிக்கிழமை காலை பத்தரைக்குப் பல்கலைக்கழகத்திலிருந்து போன் வந்தபோது, நான் வகுப்புச் சுவரிலிருந்து பிள்ளைகள் வரைந்த மீன் படங்களைக் கழற்றிக்கொண்டிருந்தேன். ஜூன் மாதக் கடைசி. மத்தியானத்தோடு பள்ளிக்கூடத்தை விடுமுறைக்கு மூடுகிறார்கள். பேசியவர் ஹார்ட்விக் அம்மாள், எங்கள் ஆசிரியர் பயிற்சிக்குப் பொறுப்பானவர். நல்ல மனுஷி. கெட்ட செய்தி சொல்வதென்றால் மழை வெயிலில்தான் தொடங்குவார். அங்கே மழை என்றார். இங்கே காற்று என்றேன். அப்புறம் விஷயத்துக்கு வந்தார்.

"அஞ்சு பேருல நாலு பேரோட தாள் வந்துடுச்சு ஒர்தான்ஸ். உங்களுது வந்திருக்கு, ஆனா மார்க் இல்ல. கீழ மொடெஸ்ட்னு கையெழுத்து அழகா இருக்கு. கட்டம்தான் காலி."

"மறந்திருப்பாரு."

"முதல் தாளுக்கு அப்புறம் மூணு தடவ திரும்பவும் அனுப்பிட்டோம். மூணு தடவையும் கையெழுத்து மட்டும்தான் வருது. இன்னிக்கு அஞ்சு மணிக்கு எல்லாத்தையும் மூடறாங்க. அதுக்குள்ள எண் வரலேன்னா அது பூஜ்யம்னு போயிடும். என் கையில ஒண்ணுமே இல்ல, நம்புங்க."

"நம்பறேன்," என்றேன். வேறு என்ன சொல்வது?

போனை வைத்துவிட்டு ஆறு வயசுப் பிள்ளைக்கான நாற்காலியில் உட்கார்ந்தேன். முழங்கால் மோவாயில் இடித்தது. அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. எனக்கு எப்போதும் கோபம்தான் முதலில் வரும். அழுகை வீடு போய்ச் சேர்ந்த பிறகு வரும்.

பதினான்கு வருஷம் இந்த வடகோடி ஊர்ப் பள்ளியில் நான் உதவியாள். விமானத்தில் வந்து இறங்குகிற ஆசிரியர்களுக்குப் பக்கத்தில் நின்று, அவர்கள் ஆங்கிலத்தில் சொல்வதை எங்கள் டெனே மொழியில் பிள்ளைகளுக்குச் சொல்வேன். மூக்கைத் துடைத்துவிடுவேன். பூட்ஸ் மாட்டிவிடுவேன். அவர்கள் ஆகஸ்டில் வருவார்கள், பாதிப் பேர் கிறிஸ்துமஸுக்குப் போனால் திரும்புவதில்லை. பிள்ளைகள் ஒரு முகத்தைப் பழகி முடிப்பதற்குள் முகம் மாறிவிடும். ஐந்து வருஷத்துக்கு முன்னால் பல்கலைக்கழகம் பயிற்சியை எங்கள் ஊருக்கே கொண்டுவந்தது. பதினொரு பேர் சேர்ந்தோம். தாக்குப்பிடித்தது ஐந்து பேர்.

கடைசிப் பாடத்தை நிலத்தில் நடத்த வேண்டும். ஏரி, காடு, முகாம், பிள்ளைகள், நாங்கள். அதை ஊரே நடத்தும், ஊரே மார்க் போடும் என்று சண்டை போட்டு வாங்கினோம். சண்டை போட்டது வேறு யாருமில்லை, நான்தான். கூட்டத்தில் எழுந்து நின்று, "நாங்க நிலத்துல எப்படி நடந்துக்கறோம்னு பார்க்க எங்க ஆளுங்களுக்குக் கண்ணு இருக்கு, நகரத்துல இருந்து கடன் வாங்க வேண்டாம்," என்றேன். கை தட்டினார்கள். கடைசியில் பாதிக்குப் பாதி என்று ஒத்துக்கொண்டார்கள். பாதி மார்க் ஹார்ட்விக் அம்மாள் போடுவார், பாதி மார்க் முகாமில் எங்களோடு இருந்த ஊர்க்காரர் போடுவார். இரண்டிலும் அறுபது வாங்க வேண்டும். ஒன்றில் தவறினாலும் தவறியதுதான். அந்த விதியையும் நான்தான் கேட்டு எழுதவைத்தேன், ஊர் மார்க்கை ஒப்புக்குச் சப்பாணியாக வைத்துவிடுவார்கள் என்ற பயத்தில்.

இந்த வருஷத்தோடு பயிற்சி முடிகிறது. அடுத்த முறை என்று ஒன்று கிடையாது. என்னிடம் ஏழு பிள்ளைகள் இருக்கிறார்கள். எங்கள் ஊரில் எழுத்தையும் கணக்கையும் டெனேயிலேயே கற்கிற முதல் ஏழு பேர். சான்றிதழ் வாங்கிய டெனே ஆசிரியர் இருந்தால்தான் செப்டம்பரில் அந்த வகுப்பு நடக்கும். என்னோடு பயிற்சி முடிக்கிற மற்ற நான்கு பேரும் பெரிய வகுப்புகளுக்குப் பாடம் நடத்தப் போகிறார்கள். நான் இல்லையென்றால் யாரோ ஒருவர் பெட்டியோடு வந்து இறங்குவார், பிள்ளைகள் முதலிலிருந்து ஆங்கிலத்தில் குட் மார்னிங் சொல்லத் தொடங்குவார்கள்.

அந்த நான்கு பேரையும் முகாமில் மேற்பார்த்த ஊர்க்காரி அல்ஃபோன்சின் அக்கா ஆளுக்கு நூறு போட்டாள். நூற்றைம்பது போடலாமா என்று வேறு கேட்டாளாம். என்னை மேற்பார்த்தவர் மொடெஸ்ட் மச்சான், இறந்துபோன என் புருஷனுக்கு அண்ணன். அவர் ஏன் எழுதவில்லை என்று எனக்குத் தெரியும் என்றுதான் நினைத்தேன். எங்கள் ஜனம் ஆளுக்கு மார்க் போடாது. நல்ல வேட்டைக்காரன் என்று ஒருவனை முகத்துக்கு நேரே சொல்லாது, மோசமானவன் என்று முதுகுக்குப் பின்னாலும் சொல்லாது. நாளைக்குக் கரிபூ மான் கிடைக்கும் என்றுகூட வாய்விட்டுச் சொல்லாது. அப்படிப்பட்டவர்களிடம் ஒரு கட்டத்தைக் கொடுத்து இந்தப் பெண் எத்தனை என்று எழுது என்றால், கையெழுத்து மட்டும்தான் வரும். இது தெரிந்தும் கூட்டத்தில் எழுந்து முழங்கிய என்னை நானே அறைந்துகொள்ள வேண்டும் போலிருந்தது.

மச்சான் ஏரிக்கு அக்கரையில் மீன் முகாமில் இருந்தார். போன் எடுக்காத இடம். என்னோடு படித்த லியோகாடியிடம் படகு கேட்கப் போனேன். அவள் வாசலில் நின்று ஏரியைப் பார்த்தாள்.

"என் மோட்டார் நின்னு நின்னுதான் போகும்," என்றாள்.

எங்கள் ஊரில் போகாதே என்று யாரும் யாரிடமும் சொல்வதில்லை. வளர்ந்த ஆளுக்குக் கட்டளையிடுவது அவமரியாதை. மோட்டாரைப் பற்றி ஒரு வார்த்தை, காற்றைப் பற்றி ஒரு வார்த்தை, அவ்வளவுதான் சொல்வார்கள். கேட்கிறவருக்குப் புரிந்துவிடும். எனக்கும் புரிந்தது. சாவிக்குக் கையை நீட்டினேன். அவள் கொடுத்துவிட்டாள்.

சாதாரண நாளில் ஐம்பது நிமிஷத்தில் அக்கரை. அன்றைக்கு ஒன்றே முக்கால் மணி நேரம் ஆனது. கிளம்பும்போது தண்ணீருக்குக் காணிக்கையாக ஒரு சிட்டிகை புகையிலை போட்டேன். காற்று அதை என் மூஞ்சியிலேயே திருப்பி அடித்தது. மோட்டார் இரண்டு தடவை நின்றது. இரண்டாம் தடவை படகு பக்கவாட்டில் திரும்பி அலை உள்ளே ஏறியது. ஒரு கையால் காப்பி டப்பாவில் தண்ணீரை இறைத்துக்கொண்டு, இன்னொரு கையால் கயிற்றை இழுத்து இழுத்து, மாதாவையும் மோட்டாரையும் ஒரே வாயால் திட்டினேன். ஹார்ட்விக் அம்மாள் அனுப்பி நான் பள்ளியில் அச்செடுத்த மச்சானின் தாள் மட்டும் பிளாஸ்டிக் பையில் என் சட்டைக்குள் இருந்தது. நான் மூழ்கினாலும் அது நனையக் கூடாது என்று நினைத்தேன். அப்படித்தான் இருந்தது அன்றைக்கு என் புத்தி.

மச்சான் கரையில் நின்று வெள்ளைமீனைக் கீறிக்கொண்டிருந்தார். படகைப் பார்த்ததும் கத்தியை வைத்துவிட்டு, முழங்கால் அளவு தண்ணீரில் இறங்கி முன்பக்கத்தைப் பிடித்து இழுத்தார். அவருக்கு அறுபது வயசு கிட்ட. ஊரிலேயே அதிகம் கேலி பேசுகிறவர், அதிலும் என்னைக் கண்டால் விடமாட்டார்.

"பாதி ஏரிய படகுலயே கொண்டாந்துட்டியே டீச்சரம்மா. மீதிய யாரு கொண்டாருவா?"

"சிரிக்கற நேரம் இல்ல மச்சான்."

"சரி. அப்போ டீ குடிக்கற நேரம்."

மணி ஒன்றேகால். அவர் நெருப்பைக் கிளறினார். ஒரு துண்டு மீனை எடுத்து முதலில் நெருப்புக்குக் கொடுத்தார். கெட்டிலை வைத்தார். எனக்கு உட்கார ஒரு கட்டையை நகர்த்தினார். கொசு மொய்த்தது. டீ கொதிக்கிறவரை ஊர்க்கதை கேட்டார், என் பெரிய பையன் சுரங்க வேலையிலிருந்து எப்போது வருவான், பள்ளிக்கூரை ஒழுகுவதைச் சரிசெய்தார்களா என்றெல்லாம். இன்னொருவர் முகாமுக்குப் போனால் வந்த காரியத்தை டீக்கு முன்னால் எடுக்கக் கூடாது. நான் எடுத்தேன்.

"மச்சான், நான் டீ குடிக்க வரல."

"தெரியும். ஆனாலும் ஈரமா இருக்க."

பிளாஸ்டிக் பையிலிருந்து தாளை எடுத்து அவர் முன்னால் மீன் பெட்டியின் மேல் வைத்தேன். அவர் அதைத் தொடவில்லை.

"மார்க் போடற இடம் காலியா இருக்கு."

"ஆமா."

"மூணு தடவ உங்களுக்கு வந்திருக்கு."

"நாலு. ஒண்ணுல அடுப்பு மூட்டிட்டேன். நல்லா எரியுது அந்தக் காகிதம்."

"அஞ்சு மணிக்குள்ள எண் போகலேன்னா பூஜ்யம். எனக்கு வேலை கிடையாது. என் புள்ளைங்களுக்கு வகுப்பு கிடையாது. உங்க பேத்தியும் அந்த ஏழு பேருல ஒருத்தி மச்சான்."

அவர் கெட்டிலைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

"நீயே எழுதிக்கோயேன். கீழ கையெழுத்து இருக்குல்ல. யாரு கேக்கப்போறா?"

இப்போது யோசித்தால், அந்த மனுஷன் எனக்குக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றிருக்கிறார். எண்ணை எழுதிக்கொண்டு, டீயைக் குடித்துவிட்டு, படகில் ஏறியிருக்கலாம். ஆனால் நான் கூட்டத்தில் முழங்கியவள் அல்லவா? என் வாய் எனக்கு முன்னால் ஓடும்.

"நானே எனக்கு மார்க் போட்டுக்கறதுக்கா அஞ்சு வருஷம் சண்டை போட்டேன்? ஊர் மார்க்னா ஊர் போடணும். வெளியூர்க்காரி எனக்கு தொண்ணூத்திநாலு போட்டிருக்கா. என் சொந்த மச்சானுக்கு ஒரு எண் எழுத முடியல. ஆளுக்கு மார்க் போடற பழக்கம் நமக்கு இல்லன்னு எனக்கும் தெரியும். அந்தப் பழக்கத்த வெச்சு என்னைச் சாகடிக்காதீங்க. எழுதுங்க."

"வேணாம் ஒர்தான்ஸ்."

மொடெஸ்ட் மச்சான் வாயிலிருந்து நேரடியாக ஒரு வேணாம் வந்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை. அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. பென்சிலை எடுத்து அவர் கைக்கு நேரே நீட்டினேன், நீட்டியபடியே நின்றேன்.

அவர் இரண்டு கையையும் தரையில் படர்ந்திருந்த பாசியில் துடைத்தார். பிறகு சட்டையில் துடைத்தார். மீன் செதில் ஒட்டாமல் தாளை ஓரத்தில் பிடித்து, பிள்ளை எழுதுவதுபோல் நாக்கைக் கடித்துக்கொண்டு எழுதினார். தாளை என் பக்கம் திருப்பி வைத்தார்.

நாற்பது.

"அறுபது வேணும் மச்சான்," என்றேன். ஏதோ அவருக்குக் கணக்குத் தெரியாதது போல.

"தெரியும்."

"அப்போ எதுக்கு நாப்பது?"

அவர் கத்தியை எடுத்து அடுத்த மீனுக்குப் போய்விட்டார். நான் கத்தினேன். என்னவெல்லாம் கத்தினேன் என்று இங்கே எழுத மாட்டேன், அவருடைய செத்துப்போன தம்பியையும் அதில் இழுத்தேன் என்பது மட்டும் போதும். அவர் அந்த மீனைக் கீறி முடித்து, கம்பில் தொங்கவிட்டு, கத்தியைக் கழுவிய பிறகு சொன்னார்.

"மத்ததெல்லாம் நல்லாத்தான் செஞ்ச. கூடாரம், அடுப்பு, புள்ளைங்கள பேச வெச்சது. அதுக்குத்தான் நாப்பது. அந்த வலை நாளுக்கு ஒண்ணும் போட முடியல."

வலை நாள். மே மாத முதல் வாரம். எங்கள் ஏரி இன்னொரு ஏரியோடு சேர்கிற ஒடுக்கமான இடத்தை இடுக்கு என்போம். அங்கே நீரோட்டம் உண்டு. வசந்தத்தில் ஏரிமேல் உறைந்த பனி முதலில் இளகிக் கெடுகிற இடம் அது. பனிக்கு அடியில் நான் அங்கே வலை போட்டிருந்தேன், போட்டபோது நல்ல குளிர். பிறகு இரண்டு நாள் தெற்குக் காற்று அடித்தது, கூரையெல்லாம் சொட்டியது. ஹார்ட்விக் அம்மாளின் விமானம் மூடுபனியால் இரண்டு தடவை திரும்பிப் போய், மூன்றாம் தடவை வந்து இறங்கியது. அன்றைக்கு ஒரு நாள்தான் அவருக்கு இருந்தது. என் பாடத் திட்டத்தில் இடுக்கில் வலை இழுத்தல் என்று எழுதியாயிற்று, அவர் அதைப் படித்துவிட்டுக் கேமராவோடு வந்திருந்தார்.

காலையில் மச்சானிடம் போய் இடுக்கில் பனி எப்படி என்று கேட்டேன். அவர் சொன்னது, "நேத்து நான் அந்தப் பக்கம் போகல."

அவருடைய வலையும் இடுக்கில்தான் இருந்தது. தினம் இரண்டு தடவை அங்கே போகிறவர். அவர் நேற்று போகவில்லை என்றால் வெளியூர்க்காரருக்கு அது ஒரு தகவல். எங்களுக்கு அதற்கு ஒரே அர்த்தம்தான். எனக்குப் புரிந்தது. இதை எழுத எனக்குக் கை கூசுகிறது, ஆனால் நன்றாகவே புரிந்தது. பதினான்கு வருஷம் வெளியூர் ஆசிரியர்களுக்குப் பக்கத்தில் நின்றதில், தேவைப்படும்போது அவர்களைப் போலவே காது கேளாமல் இருக்கக் கற்றுக்கொண்டிருந்தேன். சரி மச்சான், நான் பார்த்துக்கறேன் என்று சொல்லிவிட்டு ஏழு பிள்ளைகளையும் இடுக்குக்குக் கூட்டிக்கொண்டு போனேன்.

பாடம் அருமையாக நடந்தது. நான்கு வெள்ளைமீன், ஒரு பெரிய பைக் மீன். பிள்ளைகள் ஒவ்வொரு செதிலுக்கும் துடுப்புக்கும் டெனேயில் பெயர் சொன்னார்கள். ஹார்ட்விக் அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டார். தொண்ணூற்றுநான்கு.

"நீங்க போகாதேன்னு சொல்லலியே," என்றேன். என் குரல் எனக்கே கேவலமாகக் கேட்டது.

"ஒனக்கு அப்படியா சொல்லணும்?"

நான் ஏரிப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"வெளியூர்லருந்து வர்ற டீச்சரா இருந்தா கையப் பிடிச்சு இழுத்து நிறுத்தியிருப்பேன்," என்றார். "ஒன்ன அப்படி நிறுத்தினா என்ன அர்த்தம்? ஒனக்கு நம்ம பேச்சு புரியலன்னு ஊரு முன்னாடி சொன்ன மாதிரி ஆயிடும்."

"நீங்க எங்க இருந்தீங்க அன்னிக்கு?"

"முனைக்குப் பின்னால. சின்ன ஓடத்தயும் கயிறையும் இழுத்துட்டுப் போய் மரத்துக்குப் பின்னால ஒக்காந்திருந்தேன்."

"எவ்வளவு நேரம்?"

"நீங்க கரையேறற வரைக்கும்."

மூன்று மணி நேரம். நனைந்த பனியில், நெருப்பு மூட்டாமல், புகை தெரிந்தால் எனக்கு அவமானம் என்று. கேலி பேசுகிற அந்த மனுஷன் மூன்று மணி நேரம் வாயைத் திறக்காமல் எங்கள் ஏழு பிள்ளைகளின் தலையை எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். நான் அந்த நேரம் கேமராவுக்குச் சிரித்துக்கொண்டிருந்தேன்.

மணி இரண்டு தாண்டியது. வெட்கப்பட வேண்டிய நேரம் அது. வெட்கப்பட்டேன், ஆனால் வெட்கத்தோடு சேர்ந்து பயமும் ஏறிக்கொண்டே இருந்தது, பயம்தான் பெரிசாக இருந்தது. பாசியில் மண்டியிட்டேன். நாற்பத்திமூன்று வயசில் ஒருவர் முன்னால் மண்டியிடுவேன் என்று நினைத்ததில்லை.

"மச்சான், இனிமே அப்படிச் செய்ய மாட்டேன். சத்தியமா மாட்டேன். இது போச்சுன்னா எல்லாமே போச்சு. பதினாலு வருஷம் மூக்கத் துடைச்சிருக்கேன். ஆகஸ்ட்ல ஒருத்தன் பெட்டியோட வருவான், உங்க பேத்தி அவன் முன்னாடி வாயத் திறக்க மாட்டா. உங்களுக்கே தெரியும், போன வருஷம் வரைக்கும் அவ பள்ளிக்கூடத்துல பேசினதே இல்ல. எனக்காக வேணாம். அவளுக்காகப் போடுங்க."

அவர் தாளை எடுத்தார். பென்சிலின் பின்பக்க ரப்பரால் நாற்பதை அழித்தார். பொறுமையாக, காகிதம் கிழியாமல், தூளை ஊதிவிட்டு அழித்தார். பிறகு பென்சிலைத் திருப்பிப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"எத்தனைன்னு சொல்லு. எழுதறேன்."

அதில் குத்தல் இல்லை. கோபமும் இல்லை. கேட்டால் கொடுத்துவிடுவது எங்கள் வழக்கம். அவர் கொடுக்கத் தயாராக இருந்தார். பூஜ்யம் என்றாலும் எழுதியிருப்பார், நூறு என்றாலும் எழுதியிருப்பார். நான் சொல்ல வேண்டியதுதான் பாக்கி. நாற்பதே இருக்கட்டும் என்றும் சொல்லியிருக்கலாம், அதுவும் அந்த ஒரு நிமிஷத்தில் என் வாயில் இருந்தது. அறுபது என்றாவது சொல்லியிருக்கலாம். அறுபது போதும் எனக்கு.

"எண்பத்திரண்டு," என்றேன்.

ஏன் எண்பத்திரண்டு என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. திருடுகிறவள்தானே, தேவைக்கு மேலேயே எடுத்துக்கொண்டேன், அவ்வளவுதான். அவர் எட்டையும் இரண்டையும் நிதானமாக எழுதினார். பிறகு ஆறு காய்ந்த மீனைக் காகிதத்தில் சுற்றி, பிள்ளைகளுக்கு என்று கையில் கொடுத்தார். படகைத் தள்ளிவிட்டார். வாயைத் திறந்து ஒரு கேலியும் சொல்லவில்லை.

நான் திரும்பும்போது காற்று முதுகுப் பக்கம் இருந்தது. நாலு இருபதுக்குப் பள்ளியில் இருந்தேன். நாலரைக்குத் தாளைப் படம் எடுத்து அனுப்பினேன். நாலே முக்காலுக்கு ஹார்ட்விக் அம்மாளிடமிருந்து பதில் வந்தது, பலூன் படமெல்லாம் போட்டு. நான் ஆசிரியை ஆகிவிட்டேன். அன்று ராத்திரி வீட்டில் அழுதேன், சந்தோஷத்தில் என்று பையனிடம் போனில் சொன்னேன்.

செப்டம்பரில் வகுப்பு தொடங்கியது. கதவில் என் பெயர் எழுதியிருந்தது. ஏழு பிள்ளைகளும் வந்தார்கள், நன்றாகப் பேசினார்கள், நன்றாகப் படித்தார்கள். இரண்டாம் வாரம் வியாழக்கிழமை கிரான்பெர்ரி பறிக்கப் போகிறோம் என்று வீட்டுக்குச் சீட்டு அனுப்பினேன். பள்ளிக்குப் பின்னால் இருக்கிற மேடுதான். ஏரி பக்கம்கூட இல்லை. ஏழு பேருக்கும் பானக் ரொட்டி சுட்டு எடுத்துக்கொண்டு வியாழக்கிழமை காலை வாசலில் நின்றேன்.

ஒரு பிள்ளையும் வரவில்லை. ஒருத்திக்குக் காதுவலி. ஒருவனுடைய பூட்ஸ் கிழிந்துவிட்டது. ஒரு வீட்டில் கடிகாரம் நின்றுவிட்டது. மொடெஸ்ட் மச்சானின் பேத்திக்கு வயிற்றுவலி. ஒவ்வொரு தாயும் போனில் அத்தனை அன்பாகச் சொன்னாள். புதிதாக வந்திருந்த தலைமையாசிரியர் எட்டிப் பார்த்து, "ஊர்ல காய்ச்சல் பரவுதா?" என்று கேட்டார். அவருக்கு என்ன தெரியும்? வெள்ளிக்கிழமை ஏழு பேரும் வந்து உட்கார்ந்தார்கள், காதும் வயிறும் பூட்ஸும் எல்லாம் சரியாகி. அடுத்த வியாழக்கிழமை மறுபடி ஒருவரும் இல்லை. அதற்கடுத்த வியாழக்கிழமையும் இல்லை. நான்கு சுவருக்குள் பிள்ளைகளை என்னிடம் விட்டார்கள். வாசலைத் தாண்டி விடவில்லை. நிலத்தில் பாடம் நடத்தத்தான் நான் அந்தச் சான்றிதழ் வாங்கினேன்.

நான்காம் வாரம் சீட்டு அனுப்பவில்லை. சனிக்கிழமை மத்தியானம் செராஃபின் வீட்டுக்குப் போனேன். அவள் மகள் ட்ரினா அந்த ஏழு பேரில் சின்னவள். செராஃபின் மூஸ் மான் இறைச்சியை மெல்லிசாக அரிந்துகொண்டிருந்தாள். உட்கார் என்று கத்தியாலேயே நாற்காலியைக் காட்டினாள். நான் உட்காரவில்லை.

"மே மாசம் இடுக்குல பனி கெட்டுப்போயிருந்துச்சு," என்றேன். "எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் கூட்டிட்டுப் போனேன்."

அவள் அரிவதை நிறுத்தவில்லை.

"திரும்பறப்போ ட்ரினாவோட கால் உள்ள போயிடுச்சு. முழங்காலுக்கு மேல வரைக்கும். நான் இழுத்துட்டேன். ஹார்ட்விக் அம்மா விமானத்துக்குன்னு முன்னாடியே வண்டியில போயிட்டாங்க, அவங்க பாக்கல. கரையில தீ மூட்டி, சாக்ஸையும் பூட்ஸையும் காயவெச்சு, மாட்டி அனுப்பினேன். ஒங்கிட்ட சொல்லல."

இதை மேலே சொல்லும்போது விட்டுவிட்டேன். மச்சானிடம் மண்டியிட்டபோதும் விட்டுவிட்டேன். கரையேறுகிறவரை பார்த்துக்கொண்டிருந்தவருக்கு நான் சொல்லித்தான் தெரிய வேண்டும் என்றில்லை, ஆனாலும் அவர் அதை எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை.

"தெரியும்," என்றாள் செராஃபின்.

"ட்ரினா சொன்னாளா?"

"அவ ஒண்ணும் சொல்லல. மே மாசத்துல எந்தப் புள்ளையாவது ஏரியில வெளையாடிட்டு காஞ்ச சாக்ஸோட வீட்டுக்கு வருமா? கையில எடுத்தேன், கதகதன்னு இருந்துச்சு, புகை வாசனை வேற. அன்னிக்கே தெரியும். எல்லாருக்கும் தெரியும்."

"அப்போ ஏன் ஒருத்தர்கூட ஒரு வார்த்தை கேக்கல?"

செராஃபின் கத்தியைப் பலகையில் வைத்தாள். முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்தாள்.

"நீயே வந்து சொல்லுவேன்னு இருந்தோம். நான் ஒன் வீட்டுக்கு வரத்தான் கெளம்பினேன். மொடெஸ்ட்தான் தடுத்தாரு. பொறு, அவளே வருவா, அவள எனக்குத் தெரியும்னாரு. பாக்கறப்பெல்லாம் அதையே சொல்லிட்டிருந்தாரு." இறைச்சித் துண்டை எடுத்துக் கம்பில் போட்டாள். "ஜூனுக்கு அப்புறம் அவரு அதச் சொல்றதில்ல."